ஒதுக்கீட்டு வீட்டைப் ‘பவர்’ போட்டு வாங்காதீர்கள்

அரசு ஒதுக்கிய மலிவு வீட்டைப் பவர் பத்திரத்தில் (சொந்தக்காரர் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் தரகரின் பெயரைப் போடவில்லை. இந்த வியாபாரம் அந்த ஒரு ஆளோடு முடிகிற விஷயமும் இல்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். நகரம் வளர்கிறது, புது ரயில் பாதை வருகிறது என்பார். என் சம்பளத்துக்கு அந்த ரயில் வந்து சேரவில்லை. வீட்டுக்கான செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள். எங்களுக்கு அது பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. வங்கிக் கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். வேலை செய்த அன்றைக்கு அன்றைக்குக் கூலி வாங்குகிற ஆளிடம் சீட்டு எங்கே இருக்கும்? கேட்ட இடத்திலெல்லாம் கை விரித்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தரகர் வந்தார். இப்படி வங்கி திருப்பி அனுப்பியவர்களைத் தேடித்தான் இந்த மாதிரித் தரகர்கள் வருகிறார்கள். நகரத்தின் ஓரத்தில், குடிசைகள் அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. ஒதுக்கீடு பெற்றவர் ஒரு பெரியவர், அவருக்கு விற்க விருப்பம். வெளிச்சந்தை விலையில் சிறு பங்குதான். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கக் கூடாது என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே அச்சடித்திருந்தது. கேட்டேன். “அதெல்லாம் பேப்பர்ல இருக்கிறதுதாங்க. இந்த பிளாக்ல பாதிப் பேர் இப்படி வாங்கி வந்தவங்கதான். தடைக்காலம் முடிஞ்சதும் உங்க பேருக்கு மாத்திக் கொடுத்துடுவோம்” என்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். பாதிப் பேர் அப்படி வந்தவர்கள் என்பது உண்மைதான். பொறியே இதுதான்: அவர் சொன்னதில் சரிபார்க்கக் கூடியது எல்லாம் உண்மையாக இருந்தது, சரிபார்க்க முடியாதது மட்டும் பொய்யாக இருந்தது.

பெரியவரையும் பார்த்தேன். அவர் ஏமாற்றுக்காரர் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. சந்தையில் விடியும் முன்பே மூட்டை இறக்குகிற வேலை. புது வீட்டிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வீடு கிடைத்தது, பிழைப்பு போனது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துத் திரும்பிப் போய்விட்டார். உலகம் முழுக்க நடக்கிற கதை இது. மெக்சிகோவில் மானியக் கடனை நம்பி ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீடு கட்டுகிறவர்கள் இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்காதவரை, தரகர்களுக்குச் சரக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, பணம் கைமாறியது. வாசலைத் தாண்டியதும் அந்தப் பணத்தில் எவ்வளவு பெரியவர் கைக்குப் போனது, எவ்வளவு தரகரிடம் தங்கியது என்று தெரியாது. எனக்குக் கிடைத்தவை சாவி, ஒதுக்கீட்டு ஆணையின் நகல், தரகர் பெயருக்குப் பெரியவர் எழுதிக் கொடுத்த பவர், அதன்பேரில் தரகர் எனக்கு எழுதிய ஒப்பந்தம். ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை. “தடை இருக்கும்போது எப்படிங்க பதிவு பண்ண முடியும்?” என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். அந்தக் கேள்விக்குள்ளேயே முழு விஷயமும் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

பவர் என்பது ஒருவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவதற்கான அனுமதி மட்டுமே. வீடு உங்களுடையது என்று அது எங்கேயும் சொல்லாது. கொடுத்தவர் ரத்து செய்யலாம். அவர் இறந்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு அது செல்லாமல் போகும். பவர் வழியாகச் செய்யும் ‘விற்பனை’ சொத்தின் உரிமையை மாற்றாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. விற்பனைத் தடையும் சும்மா பேப்பரில் இருக்கிற சமாச்சாரம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அரசு மானியத்தில் கிடைத்த வீட்டை 8 ஆண்டுகள் வரை வெளியாருக்கு விற்க முடியாது, முதலில் அரசிடம்தான் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீட்டை விற்க வழக்கமாக 5 ஆண்டுகள் அதில் குடியிருந்திருக்க வேண்டும். ஏழைக்குக் கொடுத்த வீடு மறுநாளே வேறு கைக்குப் போகக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி இது. விதி ஞாயமானதுதான். அதன் இடுக்கில் நுழைந்து சம்பாதிக்கிறவர்கள்தான் பிரச்சினை.

பெரியவர் இறந்துபோனார். துக்கம் முடிந்த கையோடு மகன்கள் வந்து வீட்டைக் கேட்டார்கள். அப்பா விற்றது அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். அப்புறம் இன்னொரு குடும்பம் வந்தது. அவர்கள் கையிலும் அதே தரகர் எழுதிய ஒப்பந்தம், அதே கதவு எண். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல’ என்று சொந்தக்காரர்களே சுவரில் பெரிதாக எழுதி வைப்பார்கள்; அவர்களுக்குத் தெரியாமல் யாராவது விற்றுவிடுவார்கள் என்ற பயம். முன்பு படித்தபோது வேடிக்கையாக இருந்தது.

குடியிருப்பவர்களைச் சரிபார்க்க வந்த அதிகாரிகள், ஒதுக்கீடு பெற்றவர் இங்கே இல்லை என்று குறித்துக்கொண்டு போனார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. தரகரின் போன் அணைந்தது, அலுவலகத்துக்குப் பூட்டு. காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். வழக்கறிஞரோ, சட்டம் தடுத்த ஒரு ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்பது கடினம் என்றார். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்ற மோசடிக்குத்தான் புகார் நிற்கும் என்று சொல்லி, அதன்படி எழுதிக் கொடுத்தார். அந்தப் புகார்தான் இப்போது நடக்கிறது.

ஐக்கிய நாடுகளின் வாழிட அமைப்பு, ஒரு வீடு சேரி வீடா என்று பார்க்க ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: உறுதியான கட்டடம், நல்ல தண்ணீர், கழிப்பறை, போதுமான இடம், வெளியேற்ற முடியாத உரிமை. நான் வாங்கிய வீட்டில் முதல் நான்கும் நன்றாகவே இருந்தன. கடைசி ஒன்று கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை, அதற்குத்தான் அலுவலகம் போக வேண்டும்.

ஆகவே, ஒதுக்கீடு செய்த அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய், அந்தக் கதவு எண் யார் பெயரில் இருக்கிறது, விற்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தரகர் கூட்டிப்போகிற ‘தெரிந்த அதிகாரி’ வேண்டாம். எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தயங்கினால் ‘வேறு ஆள் ரெடியாக இருக்கிறார்’ என்பார்கள். இருக்கட்டும்.

ஏற்கெனவே இப்படிக் கொடுத்துவிட்டவர்கள், ரொக்கமாக மேற்கொண்டு எதையும் கொடுக்காமல், இதுவரை கொடுத்ததற்கான ரசீது, வங்கிப் பதிவு, தரகரின் குரல் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒதுக்கீடு பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி மையம் பல இடங்களில் உண்டு. எனக்குப் புகார் எழுதிக் கொடுத்தவரும் அங்கே கிடைத்தவர்தான்.