போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.: ஓட்டிப் பழகிய பிறகு

ஃபோக்ஸ்வாகனின் இந்த போலோ காரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது "பிக்கப் எப்படி?" என்றுதான். குறையே இல்லை. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பி.எஸ். சக்தி, 1,500 ஆர்.பி.எம்.மிலேயே 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவைத் திறன். லாரியை ஓவர்டேக் செய்ய யோசிக்கவே வேண்டாம். என்னுடையது 2015 மாடல், சேலத்தில் ஓடுகிறது. பிக்கப்பைவிட இதன் நிதானத்தைப் பற்றித்தான் நான் பேசுவேன். ஆபத்தும் அதில்தான்.

80-ல் போனாலும் 60-ல் போவதுபோல இருக்கும். ஸ்டியரிங் ஆடாது, பாடி அதிகம் சாயாது. வளைவு நெருங்கிய பிறகுதான் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்ப்போம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி; வேகம் மிஞ்சிவிட்டால் எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே போகும். வண்டி வழுக்கிப் போகாமல் காக்கும் மின்னணு அமைப்பான இ.எஸ்.பி., தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியைத் திருப்பப் பார்க்கும். டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லையென்றால் அதுவும் என்ன செய்யும்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது இதற்கு விளையாட்டு. இறங்கும்போது கதை வேறு. டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியரை 'டி'யிலேயே (டிரைவ்) விட்டால், பெட்ரோலை மிச்சப்படுத்த மேல் கியருக்குப் போய்விடும். இன்ஜின் பிடித்து நிறுத்தாது, பாரம் முழுக்க பிரேக் மேல். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். லீவரைப் பக்கவாட்டில் தள்ளி மேனுவலில் போட்டு, இரண்டாவது கியரில் இறக்குங்கள். இன்ஜின் கத்தினால் கத்தட்டும். மலையில் டிராஃபிக்கில் மாட்டினால் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். இதில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச், சூடாகிவிடும். பிரேக்கில் காலை வையுங்கள், கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் ஹில் ஹோல்டு பார்த்துக்கொள்ளும்.

2014-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பான குளோபல் என்கேப் இந்தியப் போலோவை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாததற்குப் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்ததற்கு, பெரியவர்கள் பாதுகாப்பில் 4 நட்சத்திரம். அந்தச் சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடப்பது. பைபாஸில் 110-ல் பறப்பவர் இந்த நட்சத்திரங்களை நம்பக் கூடாது. பின்சீட்டிலும் பெல்ட் உண்டு. அம்மா போட மறுத்தால் நான் வண்டியை எடுப்பதில்லை.

பின்சீட் இடம், மைலேஜ் எல்லாம் பார்த்து வாங்குகிற வண்டி இல்லை இது. உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டதால் இனி செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். வாங்கப் போகிறவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் வயதானால் ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும். டயர் மாற்றப் போனபோது 17 இஞ்ச் அலாய் வீல் போடச் சொல்லிக் கடைக்காரர் விடவே இல்லை. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் கனம் கூடும், பக்கச்சுவர் மெலிந்த டயர் பள்ளத்தில் அடிவாங்கும். பழைய 185/60 ஆர் 15 அளவிலேயே நல்லதாக நாலு போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.