பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆள் சேர்க்கும் அக்னிவீர் பயிற்சி மையம்: மைதானம் தேறும், மேடை தேறாது

லிங்கராஜபுரம், டி.ஜே. ஹள்ளி, அல்சூர் பக்கத்து அரசுப் பள்ளிகளிலும் பியு காலேஜ்களிலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. (பியு என்பது இங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு.) அங்கெல்லாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை 'ராணுவத்தில் சேருவது எப்படி' என்று ஒரு மணி நேரக் கூட்டம் நடக்கிறது. நடத்துவது ராணுவம் இல்லை, கிழக்கு பெங்களூரில் இருக்கும் ஒரு தனியார் அக்னிவீர் பயிற்சி மையம். அக்னிவீர் என்றால் அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷத்துக்கு எடுக்கப்படும் சிப்பாய். கூட்டம் இலவசம். முடிவில் ஒரு படிவம், ஒரு வாரத்தில் வீட்டுக்கு போன். காலை பேட்ச் மாதம் 4,500 ரூபாய், ஹாஸ்டலோடு சேர்த்து மூன்று மாதத்துக்கு 38,000. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒரு கேள்வி, இவர்களைப் பள்ளிக்குள் விடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்து மார்க் போட்டால் மைதானத்தில் நிற்கும் கோச்சுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் டிராக்கில் அது நாலு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி சொச்சம். தானாக ஓடிப் பழகும் பையன் முதல் சுற்றை 70 விநாடியில் முடித்துவிட்டு மூன்றாவதில் 95-க்கு விழுவான். காலில் தெம்பு இருக்கும், கணக்கு இருக்காது. இங்கே 200 மீட்டருக்கு ஒரு ஆள் நின்று 41, 1:22, 2:04 என்று நேரத்தைக் கத்துகிறார்கள். முதல் மூன்று வாரம் முழுத் தூரத்தையும் ஓட விடுவதே இல்லை. 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிடம் நடை. வாரத்தில் ஒரு நாள்தான் தார் ரோடு, மற்ற நாள் மண் தரை. தினமும் கான்கிரீட்டில் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியெடுத்து, ராலி (ராணுவம் ஓட்டமும் அளவும் பார்த்து ஆள் எடுக்கும் முகாம்) நேரத்தில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ. சனிக்கிழமை நாற்பது பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட விடுகிறார்கள். ராலியில் முதல் ஐம்பது மீட்டரில் நடக்கும் முழங்கைச் சண்டைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

புல்-அப்பில் பத்து எடுத்தால் 40, ஆறோடு நின்றால் 16. கீழே இறங்கும்போது கை முழுசாக நீள வேண்டும், மேலே போகும்போது தாடை கம்பியைத் தாண்ட வேண்டும், காலை உதறி ஏறினால் எண்ணிக்கையில் சேராது. அதையெல்லாம் சரியாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நாற்பது பேருக்கு இரண்டே கம்பி. உன் முறை வருவதற்குள் உடம்பு ஆறிப்போகும். 9 அடிப் பள்ளமும் வளைந்து போகும் பேலன்ஸ் கட்டையும் தாண்டினால் போதும், அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. அதற்கும் இங்கே தினம் அரை மணி நேரம் போகிறது. அந்த நேரத்தைக் கம்பிக்குக் கொடுத்திருக்கலாம்.

பெரிய குறை அளவெடுப்பில் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து ஜெனரல் டியூட்டிக்கு (ஜி.டி., அதாவது சாதாரணச் சிப்பாய் வேலைக்கு)ப் போகிறவனுக்கு 166 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், மார்பு 77, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். முழங்கால் இரண்டும் ஒட்டுகிறதா, பாதம் தட்டையா, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு டேப்பும் பத்து நிமிஷமும் போதும். இந்த மையம் அதைச் செய்கிறது, பணம் கட்டிய இரண்டாவது வாரத்தில். தட்டைப் பாதத்தை எந்தக் கோச்சாலும் வளைக்க முடியாது, முதல் நாளே சொல்லி அனுப்புவதுதான் மரியாதை. பச்சை குத்தியிருந்தாலும் அப்படித்தான். முன்கையின் உட்பக்கம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால், பழங்குடியினருக்கு உள்ள சலுகை தவிர, பிரச்சினைதான். சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

வகுப்பு சுமார். 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முன்னால் வருகிறது, ஓட்டம் அதற்குப் பிறகுதான். ஜி.டி.-க்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, சரிக்கு 2 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். இங்கே இன்னும் பேப்பரில்தான் மாடல் டெஸ்ட். பாடம் கன்னடத்திலும் இந்தியிலும் நடக்கிறது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படித்தவர்கள். 'வட்டத்தின் பரப்பளவு' என்று எழுதியிருந்தால் எழுத்துக்கூட்டவே அரை நிமிஷம் ஆகும். கணக்கை எந்த மொழியில் படித்தானோ அந்த மொழியை விண்ணப்பத்தில் டிக் அடிக்க வேண்டும்.

இனி மேடை. பேச வருகிறவர் உருமறைப்பு டி-ஷர்ட்டும் பூட்ஸும் போட்டிருக்கிறார். பத்தாவது படிக்கும் பிள்ளை அவரை ராணுவ அதிகாரி என்றுதான் நினைக்கும், இல்லை என்று அவரும் சொல்வதில்லை. கரும்பலகையில் மாதச் சம்பளம் 30,000 என்று எழுதுகிறார், அதன் கீழே வேலை முடியும்போது கிடைக்கும் 11.71 லட்சம், பக்கத்தில் 48 லட்சம் இன்ஷூரன்ஸ். மூன்றும் பொய்யில்லை. எழுதாமல் விட்டதைத்தான் பார்க்க வேண்டும். முதல் வருஷம் கைக்கு வருவது 21,000, மீதி 30 சதவீதம் அந்தக் கடைசித் தொகைக்கான நிதிக்குப் போகிறது. அந்த 11.71 லட்சத்தில் 5.02 லட்சம் பையனின் சொந்தச் சம்பளத்தில் பிடித்தது, அதே அளவு அரசு போடுகிறது, மிச்சம் வட்டி. வேலை நாலு வருஷம். அதற்குப் பிறகு நூற்றில் 25 பேர் வரைதான் நிரந்தரம், வெளியே வருகிறவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. 2022 ஜூன் 14 அன்று திட்டத்தை அறிவித்தபோதே அரசு வெளிப்படையாகச் சொன்ன விஷயங்கள் இவை. அரசே மறைக்காததை ஒரு டியூஷன் கடை ஏன் மறைக்க வேண்டும்?

வயசுக் கணக்கு இன்னும் மோசம். சேரும் வயது பதினேழரை. பத்தாவது பிள்ளைக்கு 15 அல்லது 16. மூன்று மாத ஹாஸ்டல் பேட்சில் இப்போது சேர்ந்தால், விண்ணப்பிக்க ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் இருக்கும், அதற்குள் ஓட்டத்தில் வந்த பலனெல்லாம் கரைந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி.யில் மொத்தம் 45 சதவீதமும் பாடத்துக்கு 33-ம் வாங்காமல் போனால் ஜி.டி. கதவே திறக்காது. அந்தப் பிள்ளைக்கு இப்போது தேவை கணக்கு டியூஷன். போனில் இதைக் கேட்டால், "சின்ன வயசுல அடித்தளம் போட்டாதான் நல்லதும்மா" என்று பதில் வருகிறது.

பள்ளியில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கலாமா என்ற சண்டை அமெரிக்காவில் பழையது. அங்கே 2001-ல் நிறைவேறிய கல்விச் சட்டத்தில் வந்து இன்றும் தொடரும் விதிப்படி, மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளி உயர்நிலை மாணவர்களின் பெயர், முகவரி, போன் எண்ணை ராணுவம் கேட்டால் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் விதிவிலக்கு. ஏழைகள் படிக்கும் பள்ளியைக் குறி வைக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. காலேஜுக்காரனை விடும்போது ராணுவத்தை ஏன் தடுக்கிறாய் என்பது மறு கட்சி. நம்மூரில் அந்தப் படிவத்தைப் பிள்ளை கையாலேயே வாங்கிவிடுகிறார்கள்: பெயர், வகுப்பு, ஜாதி, அப்பா வேலை, அம்மா போன் நம்பர். பெற்றோர் கையெழுத்துக்கு இடமே இல்லை. 18 வயதுக்குக் கீழே இருப்பவனை ராணுவமே எடுத்தாலும் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டமும் 18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. தலைமையாசிரியர்கள் இந்தப் படிவத்தைத் தாராளமாகத் தடுக்கலாம்.

கூட்டத்தையே தடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ராணுவப் பொறியாளர் படையான எம்.இ.ஜி.யின் மதில் ஓரமாக வளரும் பிள்ளைக்கு, அதன் வீரர்களான மெட்ராஸ் சாப்பர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் ஊரில், அந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. ஆனால் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவர்களையே வரச் சொல்லலாம். அவர்களுக்கு விற்க பேட்ச் எதுவும் கிடையாது. என்.சி.சி. இருக்கும் பள்ளி என்றால் இன்னும் நல்லது. 1948 சட்டப்படி அதில் சேருவது விருப்பம், சேர்ந்தவன் ராணுவத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. சான்றிதழுக்கு அக்னிவீர் தேர்வில் போனஸ் மதிப்பெண் வேறு.

இன்னொன்று, கூட்டத்துக்குப் பையன்களை மட்டும் கூப்பிடுகிறார்கள். ராணுவக் காவல் பிரிவுக்குப் பெண் அக்னிவீர்களை எடுப்பதும், பெண் காவலர்களின் முதல் அணி 2021-ல் பயிற்சி முடித்து வெளியே வந்தது இதே பெங்களூரில் அந்தப் பிரிவுக்கு உள்ள சி.எம்.பி. சென்டரில் என்பதும் பேச வந்தவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

சேர்ந்தே தீருவது என்றால் ஹாஸ்டல் வேண்டாம். பதினேழு முடிந்த பையனுக்கு, எழுத்துத் தேர்வு தேதி வந்த பிறகு, காலை பேட்ச் இரண்டு மாதம் போதும். கட்டுவதற்கு முன் உயரம், மார்பு, பாதம் மூன்றையும் அங்கேயே நின்று அளக்கச் சொல்லுங்கள். ஆள்சேர்ப்பு இருப்பிடத்தை வைத்து நடக்கும், அதனால் ஆதார் பெங்களூரிலும் ஜாதிச் சான்று தமிழ்நாட்டிலும் இருக்கும் வீடுகள் இருப்பிடச் சான்றுக்கு முதலிலேயே தாசில்தார் ஆபீசில் எழுதிப் போட வேண்டும். மையம் இதைச் சொல்லவே சொல்லாது. அசல் மார்க்ஸ் கார்டையும் டி.சி.யையும் மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும். ராலியில் அசலைக் காட்ட வேண்டியவன் உங்கள் பையன். ஏன் வாங்கி வைக்கிறீர்கள் என்று கேட்டால் "இங்க பத்திரமா இருக்கும் சார்" என்கிறார்கள். பாக்கித் தவணை கட்டி முடிக்கும் வரைக்கும் பத்திரமாகத்தான் இருக்கும்.