ரோட்டராக்ட் சங்கத்தில் சேரலாமா? முதலில் மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள்

ரோட்டராக்ட் என்பது ரோட்டரி என்ற சேவை அமைப்பின் இளைஞர் சங்கம். ஒரு ரோட்டராக்ட் சங்கம் நல்லதா இல்லையா என்பது அதன் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. போன வருஷத் தலைவர் தொடங்கிய வேலை இந்த வருஷமும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடக்கிறது என்றால் தயங்காமல் சேரலாம். எங்கள் மதிப்பீட்டில் இந்த ஒரு கேள்விக்கே பாதி மதிப்பெண்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். அதோடு தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாறிவிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் ஒருவருக்குப் பொருளாளர் பொறுப்பும், தானே போட்டுக் காட்ட வேண்டிய பட்ஜெட்டும் கிடைப்பது வேறு எங்கும் சுலபமில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் தன் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம் வேண்டும் என்று நினைத்தால், பழையது அங்கேயே நின்றுபோகும். சங்கங்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

வரலாறு தெரிந்தால் இன்றைய விதிகள் சட்டென்று புரியும். முதல் ரோட்டராக்ட் சங்கத்துக்கு 1968 மார்ச் 13-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் சார்ட்டர், அதாவது அங்கீகாரச் சான்று, கிடைத்தது. அதற்குத் தாய்ச்சங்கம் சார்லட் நார்த் ரோட்டரி சங்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ரோட்டராக்ட் என்பது ரோட்டரி நடத்தும் ஒரு திட்டம், அவ்வளவே. 2019-ல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் அதன் சட்டமன்றக் குழு விதியைத் திருத்தி, ரோட்டராக்ட் சங்கங்களையும் ரோட்டரி இன்டர்நேஷனலின் உறுப்பினர் வகையாக ஆக்கியது. 2020 ஜூலை முதல் மேல் வயது வரம்பு எடுக்கப்பட்டது. ஸ்பான்சர் செய்யும் ரோட்டரி சங்கம் இல்லாமலே தொடங்கவும் வழி வந்தது. உரிமையோடு சந்தாவும் சேர்ந்து வந்தது: 2022 ஜூலை முதல் தலைமையகத்துக்கு ஆண்டுக்கு, கல்லூரிச் சங்கத்து உறுப்பினர் 5 டாலர், ஊர்ச் சங்கத்து உறுப்பினர் 8 டாலர் என்று நிர்ணயித்தார்கள். சங்கம் தன் செலவுக்கு வாங்கும் சந்தா இதற்கு மேல். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பொருளாளர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

சேரும் முன் விருந்தினராக இரண்டு கூட்டங்களில் உட்கார்ந்து பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கூட்டம் தொடங்கியதும் போன கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடந்ததையும் முடிவுகளையும் எழுதிய குறிப்பு, வாசிக்கப்பட வேண்டும். பிறகு பொருளாளர் கையிருப்பைச் சொல்ல வேண்டும். எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே செய்பவர் பெயரும் முடிக்கும் தேதியும் இருக்க வேண்டும். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தால் அந்த வேலை நடக்காது. பணத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பொதுமக்களிடம் சேவைக்காகத் திரட்டிய தொகை ஒரு கணக்கு, உறுப்பினர் சந்தா இன்னொரு கணக்கு. பதவியேற்பு விழாச் செலவு முதல் கணக்கிலிருந்து ஒரு பைசாகூடப் போகக் கூடாது.

பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் அதிகம் சிக்கல். வங்கியில் கையெழுத்துப் போடுபவரை மாற்ற, புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகலை வங்கி கேட்கும். மினிட்ஸ் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் முறையாக ஏறவில்லை என்றால், பழைய பொருளாளர் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு ஜூலையில் கணக்கு அப்படியே முடங்கும். முதல் நிகழ்ச்சிக்கு யாரோ கைக்காசு போடுவார்கள். அது திரும்பி வருவதற்குள் மனக்கசப்பும் வந்துவிடும். மின்னஞ்சல் கணக்கு தனி ஆளின் கைபேசி எண்ணில் இருப்பதும் இதே வகைக் கோளாறுதான். நல்ல சங்கம் அடுத்த தலைவரை ஆண்டின் பாதியிலேயே தேர்ந்தெடுத்து, மீதி மாதங்களை அவர் பக்கத்திலிருந்து பழகக் கொடுக்கும்.

சேவையின் தரத்தை எடைபோட ரத்ததான முகாமைப் பாருங்கள். ஆண்டு விழாவன்று ஒரே நாளில் இருநூறு யூனிட் எடுத்துச் சாதனை என்று அறிவிப்பது பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ரத்தம் உறையாமல் காக்கும் சிபிடிஏ கரைசல் கலந்த பையில் ரத்தம் 35 நாள்தான் நிற்கும், தட்டணுக்கள் வெறும் 5 நாள். அந்த வாரம் ரத்த வங்கி நிரம்பி வழியும், இரண்டாம் மாதம் அதே வங்கியில் பற்றாக்குறை. அதோடு முழு ரத்தம் கொடுத்த ஆண் 12 வாரமும் பெண் 16 வாரமும் இடைவெளி விடுவது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே நாளில் எல்லோரிடமும் எடுத்துவிட்டால் அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது. உறுப்பினர்களை நான்கு குழுவாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு குழு என்று அனுப்பும் சங்கத்துக்கே எங்கள் ஓட்டு.

முகாம் நடத்தும் திறமையும் தெரிந்துவிடும். ஒரு படுக்கைக்கு மணிக்கு மூன்று பேர் என்று கணக்கிட்டால், நான்கு படுக்கையில் நான்கு மணி நேரத்தில் ஐம்பதுக்குள்தான் முடியும். நெரிசல் படுக்கைப் பக்கம் வராது, படிவம் நிரப்பும் மேசையிலும் ஹீமோகுளோபின் பார்க்கும் மேசையிலும்தான் வரும். அங்கே இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டு, கொடையாளர்களை அரை மணிக்கு ஆறு பேர் என்று நேரம் சொல்லி அழைத்திருந்தால் அனுபவசாலிகள் என்று அர்த்தம். கொடுத்து முடித்தவரைக் கால் மணி நேரம் உட்கார வைக்கத் தனி ஆள் வேண்டும். மயக்கம் பெரும்பாலும் எழுந்து நடக்கும்போதுதான் வரும்.

மரம் நடுவதில் இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம் இருக்கிறதா? பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்தார்களா, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டார்களா? பையோடு புதைத்த கன்று சில மாதம் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு வேர் வெளியே வர முடியாமல் காயும். மேலே மின்கம்பி போனால் வளர்ந்ததும் வெட்டித்தான் தீர வேண்டும். நட்ட படத்தைக் காட்டுகிறவர்களிடம் இரண்டாவது கோடையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பெயர் எழுதி வைத்திருக்கும் சங்கம் நூறு கன்றுக்குப் பதில் இருபது நட்டாலும் போதும்.

நாற்பது வயதுவரை தொழில் தொடர்பும் மேடைப் பேச்சும் முதன்மை என்றால், 1915-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் முளைத்த ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பு பொருத்தமாக இருக்கும். அங்கே 18 முதல் 40 வரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு லயன்ஸ் நடத்தும் லியோ சங்கம் இருக்கிறது, 12 வயதிலேயே சேரலாம். மாதம் இரண்டு மாலையும் ஒரு ஞாயிறும் ஒதுக்க முடியாதவர்கள் ரோட்டராக்டில் பெயரை மட்டும் கொடுத்து வைக்க வேண்டாம். தேவைப்படும் முகாமுக்குத் தன்னார்வலராகப் போனாலே போதும், உறுப்பினர் அட்டை யாரும் கேட்பதில்லை.