வகுப்பறைத் துறைமுகமா, நூதனசாலைக் கல்லா?

தரம் 6 பிள்ளைகளுக்குப் பழைய கடல் வணிகத்தைக் காட்ட கொழும்பில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தேசிய நூதனசாலை. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த காலி மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது: சீனம், பாரசீகம், கூடவே நம் தமிழ். அந்தக் கல்லை நேரில் பார்க்கும் வியப்பை எந்தப் படமும் தராது. ஆனால் கேள்வி பிறக்கும் நேரத்தில் அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிடுவோம்.

மற்றது, வகுப்பறையையே துறைமுகமாக்குவது. புறக்கோட்டையில் வாங்கிய கறுவா, மிளகு, சில சாக்குகள், பழைய சேலையில் ஒரு பாய்மரம். வாசனையே பாதிப் பாடத்தை நடத்திவிடும். ஒருவர் வணிகர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர். விலை பேசச் சொல்லுங்கள், வசனம் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அலங்காரத்தையும் பிள்ளைகளே செய்யட்டும்.

கற்பனை வளர நான் வகுப்பறையைத்தான் தேர்வேன். நூதனசாலைக்கு அப்புறம் போகலாம், சொந்தக் கேள்விகளோடு.