ஏர் லீக் வேலை: முள் ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

30 வருஷத்தை நெருங்கும் பஸ், பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி 8 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது நிறுத்தினால் விடியும்போது கேஜ் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். ஏர் லீக்கைப் பார்க்கச் சொல்லிப் பட்டறையில் விட்டதற்கு வந்த பில் இது: புது கம்ப்ரசர் ஒன்று, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையருக்குக் கார்ட்ரிட்ஜ் ஒன்று, ஏர் லைன் ஃபிட்டிங் (டியூப் இணைப்பு) 14, லேபர் தனி. டெலிவரி அன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். முள் விறுவிறுவென்று ஏறி 8 பாரைத் தொட்டது, டிரையர் ‘புஸ்’ என்று காற்றைத் துப்பியது. “பார்த்தீங்களா, எப்படி ஏறுது!” அதோடு சாவி கைக்கு வந்துவிட்டது.

ஏமாற்று நடந்த இடம் இதுதான். முள் வேகமாக ஏறினால் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். லீக் போனதா என்பது இன்ஜினை அணைத்துவிட்டு முள் இறங்குவதைப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்தாலும் நிறையத்தான் செய்யும். லீக்கை அப்படியே விட்டுப் புது கம்ப்ரசர் போட்டால் அது ஓய்வில்லாமல் லோடில் ஓடும், சூடாகும், எண்ணெய் தள்ளும். அந்த எண்ணெய் டிரையரில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளில் படிந்து அவற்றையும் கெடுக்கும். ஆக, பில்லில் உள்ள முதல் இரண்டு பொருளையும் அந்த லீக்கே தின்றுவிடும்.

இன்ஜினை அணைத்து, கால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்தபோது அதே வண்டியில் 1 நிமிஷத்துக்கு 0.8 பார் இறங்கியது. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமச் சோதனையில் இழுவண்டி இல்லாத ஒற்றை வண்டிக்கு வைத்திருக்கும் வரம்பு, பிரேக் மிதிக்காமல் நிமிஷத்துக்கு 2 பிஎஸ்ஐ, மிதித்தபடி 3 பிஎஸ்ஐ. 3 பிஎஸ்ஐ என்பது சுமார் 0.2 பார். வண்டி அதைப்போல் 4 மடங்கு இழந்துகொண்டிருந்தது.

இனி, அடியில் படுத்துப் பார்த்தபோது கிடைத்தவை.

14 ஃபிட்டிங்கில் புதியவை 5 மட்டுமே. மீதி 9 கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியவை. கண்டுபிடிப்பது சுலபம். டேங்கின் காற்றை வடித்துவிட்டு நட்டைக் கழற்றி டியூபை உருவிப் பாருங்கள். ஃபெருல் (நட்டுக்குள் டியூபைக் கவ்வும் வளையம்) கடித்த பள்ளம் டியூபைச் சுற்றி மோதிரம் போலத் தெரியும். ஃபிட்டிங்கை ஒழுங்காக மாற்றியவர் அந்த இடத்துக்குப் பின்னால் டியூபை நறுக்கியிருப்பார். பழைய பள்ளத்திலேயே அழுக்கேறிய ஃபெருல் உட்கார்ந்திருந்தால் அங்கே நடந்தது வெறும் முறுக்கல்தான்.

நைலான் டியூபுக்குள் செருக வேண்டிய பித்தளை இன்சர்ட் 3 இடத்தில் இல்லை. ஃபெருல் வெளியிலிருந்து நெருக்கும்போது டியூப் உள்ளே மடங்காமல் தாங்குவது அந்தச் சின்னக் குழல்தான். அது இல்லாமல் இறுக்கினால் அன்றைக்குப் பிடிக்கும். சில நாளில் நைலான் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும், பிறகு ஒரு நாள் டியூப் மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

டேங்க் பக்கத்தில் 12 மி.மீ. டியூபை அரை அங்குல ஃபிட்டிங்கில் போட்டிருந்தார்கள். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அந்த 0.7 மி.மீ. இடைவெளியை ஈடுகட்ட நட்டை மட்டுமீறி இறுக்கியதில் டியூப் கழுத்து நெரிந்து கிடந்தது. பழைய வண்டிகளில் பல கை பட்டிருக்கும், மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்தேதான் இருக்கும். 10 மி.மீ. டியூபும் 3/8 அங்குல டியூபும் (9.5 மி.மீ.) பார்வைக்கு ஒன்றுதான். வெர்னியர் அளவுகோல் வைக்காமல் டியூபைத் தொடுகிற ஆள் வேண்டாம்.

மரையிலும் அதே கூத்து. 3/8 அளவில் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) மரைக்கு அங்குலத்துக்கு 18 சுற்று, பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) மரைக்கு 19. ஒன்றை மற்றொன்றில் ஏற்றினால் 2, 3 சுற்று போய் நின்றுவிடும். “டைட் ஆயிடுச்சு” என்று தோன்றும், ஆனால் அது மரை சிக்கியதால் வந்த இறுக்கம். அரை அங்குலத்தில் இரண்டுமே 14 சுற்று என்பதால் உள்ளே சரசரவென்று போய்விடும், மரையின் கோணம் வேறு (60 டிகிரி, 55 டிகிரி) என்பதால் கசியும். கசிவை மறைக்க டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றியிருந்தார்கள். எம்22×1.5 போன்ற நேர் மரை போர்ட்டில் காற்றைப் பிடிப்பது முகப்பில் உள்ள ஓ-ரிங் அல்லது வாஷர். அங்கே மரையில் டேப் சுற்றுவது வீண்வேலை. ஃபெருல் நட்டில் சுற்றுவது அதைவிட வீண்.

டேப்பால் வருகிற பெரிய கேடு வேறு. பிய்ந்த இழை காற்றோடு போய் ரிலே வால்வின் (பிரேக் சேம்பர்களுக்குக் காற்றை அனுப்பி, பிறகு வெளியேற்றும் வால்வு) சீட்டில் உட்காரும், வால்வு முழுதாக மூடாது, அடியில் உள்ள எக்ஸாஸ்ட் துவாரத்தில் காற்று சீறிக்கொண்டே இருக்கும். “ரிலே வால்வு போச்சு” என்று அடுத்த பில் தயாராகிவிடும். என்பிடி போல நுனி குறுகும் கூம்பு மரைக்கு சீலன்ட் பசை போதும், அதுவும் முதல் 2 மரையை விட்டுவிட்டு.

ரிலே வால்வு எக்ஸாஸ்டில் காற்று வந்தாலே வால்வை மாற்றச் சம்மதிக்காதீர்கள். பின் சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் பார்க்கிங், சர்வீஸ் (கால் பிரேக்) என்று இரண்டு பக்கம் உண்டு. நடு சீல் தேய்ந்திருந்தால், பார்க்கிங் பிரேக் விடுவித்த நிலையில் பார்க்கிங் பக்கத்தில் உள்ள காற்று சர்வீஸ் பக்கத்துக்குக் கசிந்து, லைன் வழியே திரும்பி வந்து ரிலே வால்வில்தான் வெளியேறும். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கால் பிரேக்கை மிதிக்காமல், சேம்பரின் சர்வீஸ் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். சேம்பர் பக்கத்திலிருந்து காற்று வந்தால் குற்றவாளி சேம்பர்தான். அந்தச் சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். மாற்றுவதானால் கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்து, சேம்பரை முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. காற்று குறைந்தால் எச்சரிக்கும் லோ ஏர் பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். கத்தினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார் அல்லவா! வண்டியை எடுக்கும்போது இக்னிஷன் மட்டும் ஆன் செய்து, இன்ஜின் போடாமல், பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்குங்கள். முள் 5-லிருந்து 4 பாருக்குள் வரும்போது பஸ்ஸரோ விளக்கோ வந்தாக வேண்டும். வராத வண்டியை ரோட்டில் ஏற்றாதீர்கள்.

முள் இறங்குவதைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, காற்றை முழுதாக ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு 5 நிமிஷம் சும்மா விடுங்கள். சூடான காற்று ஆறும்போது முள் லேசாக இறங்கும், அது லீக் கணக்கில் வராது. முதலில் பார்க்கிங் பிரேக் போட்டபடி பாருங்கள். இதிலேயே இறங்கினால் டேங்க், கவர்னர் (காற்று நிறைந்ததும் கம்ப்ரசரை ஓய்வுக்கு விடும் வால்வு), கேஜ் டியூப், கதவு சிலிண்டர், ஏர் சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும். அடுத்து பார்க்கிங்கை விடுவியுங்கள். இப்போது மட்டும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் லைன். கடைசியாகக் கால் பிரேக்கை முழுதாக மிதித்து, முள் முதலில் ஒரு குதி இறங்கி நின்றபின் 1 நிமிஷம் கணக்கிடுங்கள். இதில் மட்டும் இறங்கினால் சர்வீஸ் லைன், சேம்பர் டயஃப்ரம் (உள்ளே உள்ள ரப்பர் தகடு). இந்த 15 நிமிஷ வேலையைச் செய்யாமல் சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கடியில் போகிறவர், அதிகம் சத்தம் வருகிற ஃபிட்டிங்கை மட்டும் முறுக்கிவிட்டு வருவார். சோப்புக் கரைசலில் அம்மோனியா இருக்கக்கூடாது, அது பித்தளையில் விரிசல் விடவைக்கும். பார்த்து முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடவும்.

டியூபை நறுக்க டியூப் கட்டர்தான். ஹாக்ஸா பிளேடு வெட்டு சாய்வாக இருக்கும், பிசிறு விடும். டியூபைத் தள்ளிச் செருகும் புஷ் டைப் ஃபிட்டிங்கில் உள்ள ஓ-ரிங்கை அந்தப் பிசிறே கீறிவிடும். நறுக்கி நறுக்கி நீளம் குறைந்த டியூபை இழுத்து மாட்டினால் வண்டி குலுங்கும்போது உருவிக்கொள்ளும், புதுத் துண்டு போடச் சொல்லுங்கள். பழைய செம்பு டியூபுகள் அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஃபெருலை ஒட்டி விரிசல் விடும். அவற்றை நைலானாக மாற்றுவது நல்லதுதான், ஆனால் கம்ப்ரசரிலிருந்து டிரையருக்குப் போகும் டிஸ்சார்ஜ் லைனுக்கு நைலான் கூடவே கூடாது, அந்தச் சூட்டில் உருகிவிடும். சைலன்சர் ஓரமாக இழுப்பதும் அதே கதைதான்.

வண்டியை விடும் முன் ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் நட்டிலிருந்து உடல்வரை குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு போட்டோ எடுத்துவையுங்கள், நட்டைத் திருப்பினார்களா என்பது கோடு விலகியதில் தெரியும். மாற்றிய ஃபிட்டிங் எந்த இடத்துடையது என்று பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பழையதை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பில்லில் 14 என்று இருந்து பையில் 5 இருந்தால், பணம் கொடுக்கும் முன் அங்கேயே பில்லிலிருந்து 9 ஃபிட்டிங்கை அடித்து நீக்க வையுங்கள்.