நார்வே மவுசரா, ஸ்வீடன் மவுசரா?

1945-இல் ஜெர்மானியர் நார்வேயில் விட்டுச் சென்ற கார்98கே என்ற மவுசர் வகை ராணுவத் துப்பாக்கிகளை நார்வே ராணுவம் தூக்கி எறியவில்லை. அமெரிக்க .30-06 தோட்டாவுக்கேற்ப புதுக் குழல் மாட்டியது. பழைய 7.92 மி.மீ. தோட்டாவின் கூடு 57 மி.மீ. நீளம், புதியதோ 63. அது உள்ளே நுழைய, ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) முன்வளையத்தில் ஒரு பள்ளம் குடைந்தார்கள். அழகில்லைதான், ஆனால் வேலை நடந்தது.

ஸ்வீடனின் சிஜி63 வேறு ரகம். கார்ல் குஸ்தாஃப் ஆலை பழைய ஸ்வீடன் ராணுவ மவுசரான எம்/96-இன் ரிசீவர்களில் கனமான குழலும் டயாப்டர் குறியும் (சிறு துளை வழியே பார்த்துக் குறி வைப்பது) பொருத்தி, இலக்குச் சுடும் போட்டிக்கென்றே செய்தது. தோட்டா எம்/96-இன் அதே 6.5×55 மி.மீ., பின்னுதைப்பு குறைவு.

வலிமையில் கார்98கேதான் மேல்: அதன் போல்ட்டில், முன்னிரண்டு பூட்டுமுனைகள் உடைந்தாலும் தாங்க, மூன்றாவது பாதுகாப்புப் பூட்டுமுனை உண்டு, எம்/96-க்கு இல்லை. குறி தவறாமல் சுட வேண்டுமா? யோசிக்காமல் சிஜி63.