விரல் ரேகைப் பயிற்சிப் பெட்டி: இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு

தடயவியல் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக வாங்கினேன். கருப்புப் பொடி அருமை. கண்ணாடி டம்ளர் மேல் பிரஷ்ஷை லேசாகச் சுழற்றினாலே போதும், வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடத்தில் மட்டும் பொடி ஒட்டி, கண்ணுக்கே தெரியாமல் இருந்த ரேகை மேலே வருகிறது, கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பிள்ளைகள் லென்ஸ் வைத்து எண்ணுகிறார்கள். அழுத்தித் தேய்த்தால் ரேகையே அழிந்துவிடும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காந்தப் பொடியும் நன்றாக இருக்கிறது. இரும்புப் பொருளில் மட்டும் வேண்டாம், பரப்பே பொடியை இழுத்துக்கொள்ளும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள் கொடுத்திருக்கிறார்கள், வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும், ஆனால் சூடு காட்டாமல் விட்டால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

சரி, குறை? பொடியில் தெரியும் ரேகையை ஒட்டி எடுக்கும் டேப்தான். ஒட்டும்போது காற்றுக் குமிழி விழுந்து மூன்று நல்ல ரேகைகள் வீணாகிவிட்டன, எனக்கு மிகவும் வருத்தம். டேப்பைத் தனியாக வாங்குங்கள். அப்புறம், டேப் ஒட்டுவதற்கு முன்பே பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், டேப் சொதப்பினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது கைகொடுக்கும்.